சுவிட்சை அணைத்த பிறகும் காத்திருக்கும் சுரங்கம்

எந்த இயந்திரம் பழுதானாலும் நாம் முதலில் செய்வது மின்சாரத்தை நிறுத்துவதுதான். கிணற்று மோட்டாரோ, கிரைண்டரோ, விசைத்தறியோ, இணைப்பைத் துண்டித்துவிட்டால் அது வெறும் இரும்பு. கையை உள்ளே விட்டுக் கழற்றலாம், துடைக்கலாம், திரும்ப மாட்டலாம். உலகத்தின் மிகப் பெரிய இயந்திரங்களில் ஒன்றுக்கு இந்த வழக்கம் பொருந்துவதில்லை. ஜெனீவாவுக்கு அருகே, சுவிட்சர்லாந்தும் பிரான்சும் தொட்டுக்கொள்ளும் எல்லைக்கு அடியில், சராசரியாக 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம் இருக்கிறது. செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதி, சுருக்கமாக எல்ஹெச்சி, அதற்குள்தான் இயங்குகிறது. புரோட்டான்கள் அந்த வட்டத்தை நொடிக்கு 11,245 முறை சுற்றி வருகின்றன. நிறுத்த வேண்டுமென்றால் ஒரே சுற்றில், ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், அத்தனை புரோட்டான்களையும் தடம் திருப்பி ஒரு பெரிய கிராபைட் பாளத்தில் மோதவிட்டுவிடலாம். அவை ஓடிய குழாய் காலியாகிவிடும். காந்தங்களில் ஓடும் மின்சாரத்தையும் இறக்கிவிடலாம்.

அப்படியும் எல்லாக் கதவுகளையும் உடனே திறந்துவிட மாட்டார்கள். சில இடங்களுக்குப் போகச் சில மணி நேரம் பொறுக்க வேண்டும். சில இடங்களுக்கு நாட்கள், சிலவற்றுக்கு வாரங்கள். ஓடிய துகளில் ஒன்றுகூட மிச்சமில்லை, இயந்திரம் உறங்கிவிட்டது. பிறகு எதற்காகக் காத்திருக்கிறார்கள்?

குழாயைச் சுற்றியிருக்கும் உலோகத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

முடுக்கிக்குள் ஓடும் துகள்களின் ஓட்டத்தைக் கற்றை என்போம். எல்ஹெச்சியில் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு கற்றைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொத்துகள், ஒவ்வொரு கொத்திலும் பத்தாயிரம் கோடிக்கு மேல் புரோட்டான்கள். முழு ஆற்றலை எட்டியதும் ஒரு கற்றை சுமக்கும் ஆற்றல் 500 கிலோ செம்பை உருக்கிவிடப் போதுமானது. கற்றையை வளைத்து வட்டத்துக்குள் வைத்திருப்பவை 1,232 இருமுனைக் காந்தங்கள். ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன் எடை. அவற்றைத் தாங்கி, மில்லிமீட்டருக்கும் குறைந்த நுணுக்கத்தோடு நிலைநிறுத்தும் ஜாக்கிகள் இந்தியாவில் செய்து அனுப்பப்பட்டவை என்பதை இங்கே சொல்லிவிட்டுப் போக ஆசை. அந்தக் காந்தங்களின் கம்பிச் சுருள்கள் மைனஸ் 271.3 டிகிரி செல்சியஸ் குளிரில் மின்தடையே இல்லாத மீகடத்திகளாக வேலை செய்கின்றன. கற்றையிலிருந்து விலகிய மிகச் சிறிய பங்கு அவற்றின் மேல் பட்டாலும் அந்த இடம் சூடாகி, மீகடத்தும் தன்மை போய்விடும்.

எந்தக் கற்றையும் முழுக்கக் கட்டுக்கோப்பாக ஓடுவதில்லை. ஓரத்துத் துகள்கள் மெல்ல மெல்ல விலகிக்கொண்டே இருக்கும். அவை காந்தத்தைத் தொடுவதற்கு முன்பே பிடித்து விழுங்கிக்கொள்ள, குழாயின் இரு பக்கமிருந்தும் கற்றையை நெருங்கி நிற்கும் தாடைகளை வைத்திருக்கிறார்கள். கொலிமேட்டர் எனப்படும் இந்தக் கருவியை ஓரத்தடுப்பான் என்று சொல்லிக்கொள்வோம். வட்டம் முழுவதும் நூறு ஓரத்தடுப்பான்களுக்கு மேல் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை 3, 7 என்று எண்ணிட்ட இரண்டு பகுதிகளில் குவிந்திருக்கின்றன. மற்ற இடங்கள் தப்பிப்பதற்காக, இழப்பு முழுவதையும் இந்தச் சில இடங்களுக்கு வேண்டுமென்றே திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

அதன் விலையை இந்த இடங்கள் கொடுக்கின்றன. அதிவேகப் புரோட்டான் உலோக அணுவின் கருவில் மோதினால் கரு உடைகிறது. தெறித்த துண்டுகள் அடுத்த கருக்களை உடைக்கின்றன. நியூட்ரான்கள் இன்னும் தள்ளியிருக்கும் கருக்களுக்குள் போய்ப் புகுந்துகொள்கின்றன. சாதுவாக இருந்த இரும்பும் செம்பும் இதற்குப் பிறகு நிலையில்லாத அணுக்கருக்களைச் சுமக்கின்றன. அவை தத்தம் நேரம் வரும்போது சிதைந்து, பெரும்பாலும் காமா கதிரை வெளியிடுகின்றன. கற்றை நின்றாலும் இந்தச் சிதைவு நிற்காது. இதற்குத் தூண்டப்பட்ட கதிரியக்கம் என்று பெயர்.

இப்படி ஒன்று நடக்கிறது என்று முதலில் கண்டவர்கள் ஐரீன் ஜோலியோ-கியூரியும் அவர் கணவர் ஃபிரெடரிக் ஜோலியோவும். 1934 தொடக்கத்தில் பாரிஸில் அவர்கள் ஓர் அலுமினியத் தகட்டின் மேல் பொலோனியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களைப் படவிட்டார்கள். பொலோனியத்தை அகற்றினால் எல்லாம் அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை. தகடு தானாகவே கதிர்வீசிக்கொண்டிருந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகக் குறைந்தது. அலுமினியம் கதிரியக்கத் தனிமமே அல்லவே? வேறொரு தனிமம் உள்ளே பிறந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். ஊகத்தைச் சோதிக்க அவர்களுக்குக் கிடைத்த அவகாசமும் அந்தச் சில நிமிடங்கள்தான். தகட்டை உடனே அமிலத்தில் கரைத்து, வெளிவந்த வாயுவைத் தனியாகப் பிடித்தார்கள். கதிரியக்கம் அலுமினியக் கரைசலில் தங்காமல் வாயுவோடு போய்விட்டது. பாஸ்பரஸ் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொண்டது. அலுமினியக் கரு கதிரியக்கப் பாஸ்பரஸாக மாறியிருந்தது. அடுத்த ஆண்டே இதற்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எண்ணிக்கையில் மிகக் குறைந்த அணுக்களை, அவை மறைந்துபோவதற்குள் வேதியியலால் அடையாளம் காட்டிய அந்தச் சோதனை எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இன்று அமிலம் தேவையில்லை. காமா கதிரை வெளியிடும் ஒவ்வோர் அணுக்கருவும் அதைத் தனக்கே உரிய ஆற்றலில் வெளியிடும். ஜெர்மேனியம் என்னும் தனிமத்தின் படிகத்தாலான உணர்வியை எதிரில் வைத்து அந்த ஆற்றல்களை அளந்தால், உலோகத்தைத் தொடாமலேயே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிவிடலாம். முடுக்கி உலோகங்களில் அடிக்கடி அகப்படும் பெயர்கள் சில உண்டு. செம்பு-64 பதின்மூன்று மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். மாங்கனீசு-52க்கு ஐந்தரை நாட்கள் போதும். மாங்கனீசு-54க்கு 312 நாட்கள் வேண்டும். கோபால்ட்-60க்கு ஐந்தே கால் ஆண்டு. பாதியாக எடுத்துக்கொள்ளும் இந்தக் காலத்தை அரை ஆயுள் என்கிறோம்.

பொறுமையின் கணக்கு இந்தப் பட்டியலிலிருந்தே கிடைக்கிறது. முதல் சில மணி நேரங்களிலும் நாட்களிலும் வாரங்களிலும் குறுகிய ஆயுள் கொண்டவை மளமளவென்று ஒழிந்துபோகும். கதிர்வீச்சு வேகமாக இறங்கும். அதன் பிறகு எஞ்சுபவை நீண்ட ஆயுள் கொண்டவை. இன்னும் ஒரு வாரம் காத்திருந்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. இயந்திரம் ஆண்டுக்கணக்கில் ஓட ஓட, இந்த நெடுநாள் கருக்களின் இருப்பும் ஏறிக்கொண்டே போகும். காத்திருப்பது ஒரு கட்டம் வரைதான் உதவும்.

அதற்கு மேல் மனிதருக்கு மூன்று வழிகள் உண்டு: சீக்கிரம் வேலையை முடிப்பது, தள்ளி நிற்பது, நடுவில் தடுப்பு வைப்பது. சிறியதொரு கதிரியக்கப் பொருளிலிருந்து இரு மடங்கு தூரம் விலகினால் உடம்பில் படும் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால் திருகைத் திருகத் தள்ளி நின்று முடியுமா? கதிர்வீச்சு உடம்பில் ஏறும் அளவை மில்லிசீவர்ட்டில் குறிக்கிறார்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் உண்பதிலிருந்தும் நம் எல்லோருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐரோப்பாவில் ஆண்டு வரம்பு 20. வரம்புக்குள் இருந்தால் போதும் என்று யாரும் விட்டுவிடுவதில்லை. நியாயமாக முடிந்த அளவு குறைக்க வேண்டும் என்பதே நெறி. அதனால் ஒரு கசிவுத்தடுப்பு வளையத்தை மாற்ற எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் நின்று, எந்தச் சாவியால் என்று முன்கூட்டியே எழுதி, மாதிரிக் கருவியில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

முடுக்கிச் சுரங்கத்து ரோபோவின் பயனை இந்த நிமிடக் கணக்கை வைத்துத்தான் அளக்க வேண்டும். மனிதனைவிடத் திறமையாக அது வேலை செய்கிறதா என்று கேட்பது பொருத்தமில்லை. பெரும்பாலான வேலைகளில் அது மனிதனைவிட மெதுவானது, கைப்பக்குவம் குறைந்தது. ஆனால் அது உள்ளே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும், ஒரு மனிதர் உள்ளே நிற்காத நிமிடம்.

கதிர்வீச்சைத் தவிர இன்னோர் ஆபத்தும் உண்டு. காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் திரவமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கசிந்து அறை வெப்பநிலைக்கு வந்தால் சுமார் 700 மடங்கு விரிந்து, சுரங்கத்தின் காற்றை வெளியே தள்ளிவிடும். 2008 செப்டம்பர் 10 அன்று எல்ஹெச்சி முதன்முதலாகக் கற்றையைச் சுற்றவிட்டது. ஒன்பது நாள் கழித்து, இரண்டு காந்தங்களுக்கு நடுவிலிருந்த ஒரு மின் இணைப்பு சரியில்லாததால் தீப்பொறி பாய்ந்து ஹீலியம் உறை துளைபட்டது. டன் கணக்கில் ஹீலியம் சுரங்கத்துக்குள் சீறியது. 53 காந்தங்களை மேலே தூக்கி வந்து சரிசெய்யவோ மாற்றவோ வேண்டியிருந்தது. மறுபடி ஓடத் தொடங்கியபோது 2009 நவம்பர் ஆகிவிட்டது. அப்படியொரு சுரங்கத்துக்குள் முதலில் நுழைபவருக்குச் சுவாசிக்கத் தேவையில்லாமல் இருந்தால் எவ்வளவு நல்லது!

முடுக்கிக்குள் மனிதனுக்குப் பதிலாக வேறொன்றை அனுப்பும் வழக்கம் ரோபோவில் தொடங்கவில்லை. 1971இல், அமெரிக்காவின் சிகாகோ அருகே இன்று ஃபெர்மிலேப் எனப்படும் ஆய்வகத்தில் புதிய முடுக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காந்தங்கள் அடுத்தடுத்துப் பழுதாகின. குழாய்களுக்குள் கட்டுமானத்தின்போது தங்கிவிட்ட உலோகச் சீவல்களையும் எப்படியாவது அகற்ற வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் பொறியாளர் ராபர்ட் ஷெல்டன் ஒரு யோசனை சொன்னார். முயல் வளைக்குள் புகுந்து விரட்டுவதற்கு அவர் ஊர்ப்பக்கம் ஃபெரெட் என்னும் கீரியளவு விலங்கைப் பழக்குவார்கள்; குறுகலான இருட்டுப் பாதை அதற்குப் பிடித்தமானது. அப்படியே ஃபெலிசியா என்று பெயரிட்ட ஒரு ஃபெரெட் வந்து சேர்ந்தது. முதன்மை வளையத்தின் நீண்ட குழாய்க்குள் போக அது மறுத்துவிட்டது. ஆனால் வேறொரு பகுதியில் 300 அடி நீளக் குழாய்களுக்குள், கழுத்துப்பட்டையில் நூலைக் கட்டிக்கொண்டு ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளிவரப் பழகிக்கொண்டது. பிறகு அந்த நூலில் துப்புரவுத் துணியைக் கட்டி மனிதர்கள் இழுத்துக்கொண்டார்கள். முதன்மை வளையத்துக்கு ஹான்ஸ் கௌட்ஸ்கி என்ற பொறியாளர் வேறொரு கருவியைச் செய்தார். காற்றழுத்தத்தால் குழாய்க்குள் தள்ளப்பட்டு, காந்தத்தால் சீவல்களைப் பொறுக்கி வரும் கருவி. அதற்கும் ஃபெரெட் என்றே பெயர் வைத்தார்கள்.

செர்னிலும் இதே வகைத் தேவை எழுந்தது. காந்தங்கள் குளிரும்போது சுருங்கும், சூடேற்றினால் நீளும். அந்த அசைவுக்கு இடம்கொடுக்க, காந்தத்துக்கும் காந்தத்துக்கும் நடுவே குழாயில் நெகிழும் இணைப்புகள் உண்டு. அவற்றின் உட்புறம் மெல்லிய செம்பு விரல்கள் வரிசையாக இருக்கும்; கற்றையோடு கூடவே குழாய்ச் சுவரில் ஓடும் மின்னோட்டம் அறுபடாமல் அவை பார்த்துக்கொள்ளும். 2007இல் ஒரு பகுதியைக் குளிர்வித்துவிட்டு மறுபடி சூடேற்றியபோது, சில விரல்கள் குழாய்க்குள் மடங்கிக்கொண்டன. கற்றை போகும் வழியில் அது ஓர் அடைப்பு. பல கிலோமீட்டர் நீளத்தில் எந்த இணைப்பில் மடங்கியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிங்பாங் பந்தைவிடச் சற்றுச் சிறிய பந்துக்குள் ஒரு ரேடியோ அலைபரப்பியை வைத்துக் குழாய்க்குள் போட்டுக் காற்றால் உறிஞ்சினார்கள். கற்றை எங்கே ஓடுகிறது என்று காட்டுவதற்காக வழிநெடுகக் குழாயில் ஏற்கெனவே உணர்விகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. பந்து கற்றையின் துடிப்பையே ஒத்த அலைவரிசையில் ஒலிபரப்பியதால், கடந்துபோகும் ஒவ்வோர் இடத்திலும் அதே உணர்விகள் அதைக் கண்டுகொண்டன. எங்கே நிற்கிறதோ அங்கே அடைப்பு. புதிதாக ஓர் அளவுகோலைக் கொண்டுபோகாமல், இயந்திரத்தின் கண்களையே கடன் வாங்கிய இந்த யோசனையைவிட அழகான பொறியியலை நான் அதிகம் படித்ததில்லை.

இவை எல்லாமே போய்ப் பார்க்கும் வேலைகள். பராமரிப்பில் பெரும்பகுதி அதுதான். எல்ஹெச்சியில் இன்று அந்த வேலையைச் செய்வது டிம் என்னும் தொங்கு ரயில். இதே சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை ஓடிய முந்தைய முடுக்கியின் காலத்தில், ஆட்களையும் பொருட்களையும் கொண்டுபோவதற்காகக் கூரையில் ஓர் ஒற்றைத் தண்டவாளம் மாட்டியிருந்தார்கள். அதையே டிம் பயன்படுத்திக்கொள்கிறது. ஒல்லியான சில பெட்டிகள்: ஒன்றில் மின்கலம், ஒன்றில் மோட்டார், மற்றவற்றில் கேமரா, அகச்சிவப்புக் கேமரா, கதிர்வீச்சுமானி, ஆக்ஸிஜன்மானி, வெப்பமானி. சுரங்கத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் கதவுகளின் மேற்புறம் அதற்கென்று சிறு வழிகள் உண்டு. அதனால்தான் அந்த ஒல்லி உடம்பு. மணிக்கு 6 கிலோமீட்டர் வரை ஓடும். சுரங்கத்தில் இழுத்திருக்கும் கைப்பேசி வலைப்பின்னல் வழியாக, மேலே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரோடு பேசிக்கொள்ளும்.

வேகத்தைவிட அதன் சீர்மைதான் முக்கியம். ஒரு மனிதர் கதிர்வீச்சுமானியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், ஒருநாள் இடுப்பளவில் பிடிப்பார், ஒருநாள் மார்பளவில் பிடிப்பார். சூடான இடத்தில் இயல்பாகவே எட்டி நடை போடுவார். டிம் எப்போதும் ஒரே உயரம், ஒரே தூரம், ஒரே வேகம். போன மாத வரைபடத்தையும் இந்த மாத வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், வேறுபாடு இயந்திரத்தில்தான், அளந்த விதத்தில் இல்லை என்று நம்பலாம். எந்த இணைப்பு புதிதாகக் கதிரியக்கம் பெற்றிருக்கிறது, அங்கே கற்றை ஏன் உரசியது என்ற கேள்விகள் அங்கிருந்து பிறக்கின்றன.

டிம்மின் இன்னொரு வேலை கொஞ்சம் விந்தையானது. வட்டம் நெடுக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்றை இழப்பு உணர்விகள் இருக்கின்றன. எங்காவது கற்றை அளவுக்கு மீறிச் சிந்தினால் இவைதான் சத்தம்போட்டுக் கற்றையை நிறுத்தச் சொல்லும். இயந்திரத்தின் உயிர் இவற்றின் கையில். ஒவ்வோர் உணர்வியும் உண்மையில் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, அதன் அருகே ஒரு கதிரியக்க மூலத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் முள் எழும்பினால் சரி. முன்பு மனிதர்கள் அந்த மூலத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார்கள். இப்போது டிம்மில் ஒரு ரோபோக் கையைப் பொருத்தி, மூலத்தை அதன் நுனியில் வைத்து, உணர்வியருகே நீட்டச் செய்கிறார்கள். இந்த வேலையில் ஆபத்து இடத்தில்கூட இல்லை, கையிலிருக்கும் பொருளிலேயே இருக்கிறது. ரோபோவுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைப்பது அரிது.

பார்ப்பது ஒன்று, தொடுவது வேறு. ஒரு குழாயின் இணைப்பைக் கழற்றவோ, கசிவு தேடவோ, ஒரு கம்பியை மாட்டவோ கை வேண்டும். செர்னில் வெடிகுண்டு அகற்றும் படைகளுக்காகச் செய்த ரோபோக்களை வாங்கிப் பயன்படுத்தியதுண்டு. பிறகு தங்கள் தேவைக்கேற்பத் தாங்களே கட்டத் தொடங்கினார்கள். செர்ன்பாட் என்று அதற்குப் பெயர். சக்கர மேடை ஒன்று, அதன் மேல் வேலைக்கு ஏற்றபடி ஒரு கையோ இரண்டு கைகளோ, கேமராக்கள், கருவிகள். அதைத் தானியங்கி என்று எண்ணிவிட வேண்டாம். கைகளை அசைப்பவர் தொலைவில் பாதுகாப்பான அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். தொலைக்கையாளல் என்பது இதுதான்.

இதில் எது கடினம் என்று புரிய, கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் எடுப்பதை நினைத்துக்கொள்ளலாம். கயிற்று நுனியில் கொக்கிகள் கோத்த இரும்பு வளையம். அடியில் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கிறோம். சேறு பட்டால் கயிறு ஒருவிதமாகச் சொல்லும், கல்லில் உரசினால் வேறுவிதமாகச் சொல்லும், வாளியின் பிடி மாட்டினால் கை உடனே அறிந்துகொள்ளும். விசை போவது மட்டுமல்ல, விசை திரும்பி வருவதும் அந்தக் கயிற்றின் வழியாகத்தான். இப்போது அந்தக் கயிற்றுக்குப் பதிலாக ரப்பர் நாடா என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் மாட்டியது கைக்குத் தாமதமாகத்தான் தெரியும். தெரிவதற்குள் நாம் இன்னும் இழுத்திருப்போம். அது திமிற, நாம் விட, அது தளர, நாம் மறுபடி இழுக்க, ஆட்டம் அதிகமாகிக்கொண்டே போகும்.

தொலைக்கையாளலின் வரலாறே இந்தக் கயிற்றைத் திரும்பப் பெறும் வரலாறு. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்பவர், தடித்த தடுப்புச் சுவரின் இந்தப் பக்கம் ஒரு பிடி, அந்தப் பக்கம் ஓர் இடுக்கி, இரண்டையும் இணைக்கும் இயந்திர இணைப்புகள் என்று ஒரு கருவியை உருவாக்கினார். இடுக்கி எதையாவது பிடித்தால் அதன் எதிர்விசை இணைப்புகள் வழியே பிடிக்கு வந்துவிடும். இதன் வழித்தோன்றல்கள் இன்றும் உலகெங்கும் வேலை செய்கின்றன. கல்பாக்கத்தில், அணு உலையிலிருந்து எடுத்த எரிபொருளை ஆராயும் அறைகளிலும் சாளரத்துக்கு இந்தப் பக்கம் நின்று அப்படித்தான் கையாளுகிறார்கள். ஆனால் கிலோமீட்டர்களுக்கு அப்பால் கம்பியை இழுக்க முடியாது. கோர்ட்ஸே 1950களில் அதை மின்மோட்டாருக்கு மாற்றினார்: இங்கே ஒரு மோட்டார், அங்கே ஒரு மோட்டார், நடுவில் மின்குறிகள். விசை இப்போது எண்ணாக மாறிப் போய்வருகிறது. இதற்கு விசை உணர்த்தல் என்று பெயர்.

மின்குறி வலைப்பின்னல் வழியே போய்வரும்போது ரப்பர் நாடாவின் சிக்கல் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு தாமதம்கூட நுண்மையான வேலையைக் குலைத்துவிடும். அதனால் அதிவிரைவாக எதிர்வினை காட்ட வேண்டிய பகுதியை ரோபோவிடமே விட்டுவிடுகிறார்கள். எங்கே போக வேண்டும் என்று மனிதர் சொல்வார். போகும் வழியில் ஏதாவது தடுத்தால் விசையைத் தணிப்பது ரோபோவின் பொறுப்பு. தட்டையான கேமராப் படத்தில் ஆழம் தெரியாது என்பதால், சுற்றுப்புறத்தை முப்பரிமாணத்தில் அளந்து, இயக்குபவரின் கண்முன் மறுபடி கட்டிக் காட்டுகிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும், முக்கியமான வேலைக்கு முன் மேலே ஒரு மாதிரியில் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பது நிற்கவில்லை.

கதிர்வீச்சு ரோபோவையும் விட்டுவைப்பதில்லை. ஒரு நியூட்ரான் சிலிக்கான் சில்லுக்குள் மோதி மின்னூட்டத்தைச் சிதறவிட்டால், நினைவகத்தில் சுழியம் ஒன்றாகிவிடலாம். அந்த ஒற்றை எழுத்துப் பிழையால் கையின் அசைவே மாறலாம். இது கண்நேரத்து விபத்து. இன்னொன்று மெல்லக் கொல்லும் வகை: மின்னூட்டங்கள் சில்லின் காப்புப் படலத்தில் சிக்கிச் சேர்ந்துகொண்டே போகும், லென்சின் கண்ணாடி பழுப்பேறும், கம்பி உறை உடையும். செர்னில் சார்ம் என்ற சோதனைக்கூடம் இருக்கிறது. முடுக்கிச் சுரங்கத்தில் இருக்கும் கலவையான கதிர்வீச்சை அங்கே உண்டாக்கி, மின்னணுக் கருவிகள் எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள். நடைமுறையில் பெரும்பாலும் எளிய வழிதான் கைகொடுக்கிறது. கற்றை ஓடும்போது ரோபோவை அதன் பக்கத்தில் விட்டுவைக்கக் கூடாது; கற்றை நின்ற பிறகு அனுப்ப வேண்டும். எலக்ட்ரான்கள் ஓடும் முடுக்கிகளில் நிலைமை வேறு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய எக்ஸ்-கதிர் லேசரின் சுரங்கத்தில் மார்வின் என்ற நடமாடும் ரோபோ, கற்றை ஓடிக்கொண்டிருக்கும்போதே காமாவையும் நியூட்ரானையும் அளக்கிறது.

ரோபோ அனுப்புவோர் மிக அஞ்சுவது வேறொன்றுக்கு. உள்ளே போன ரோபோ வழியில் நின்றுவிட்டால்? அதை எடுத்துவர ஒரு மனிதர் உள்ளே போக வேண்டும். எந்த நிமிடங்களைச் சேமிக்க அதை அனுப்பினோமோ, அதற்கு மேல் செலவாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பணிக்கும் முதலில் எழுதப்படுவது திரும்பும் வழி: மின்கலம் தீர்ந்தால் எப்படி இழுப்பது, கை மடங்காவிட்டால் எப்படி விடுவிப்பது, தொடர்பு அறுந்தால் தானாக எங்கே பின்வாங்குவது.

என் பார்வையில், இந்தத் துறையின் உண்மையான முன்னேற்றம் ரோபோவில் இல்லை, ரோபோ தொடும் பொருளில் இருக்கிறது. எல்ஹெச்சியின் ஓரத்தடுப்பான்களை வடிவமைத்தவர்கள், இவை பிற்காலத்தில் மனிதர் நெடுநேரம் அருகில் நிற்க முடியாத அளவுக்குக் கதிரியக்கம் பெறும் என்று முன்பே அறிந்திருந்தார்கள். அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு பகுதியாகச் செய்தார்கள். தரையோடு நிற்கும் பீடம் ஒன்று. அதன் மேல் இறக்கி வைக்கும் கருவி இன்னொன்று. மேலிருந்து இறக்கினாலே மின் இணைப்பும் குளிர்நீர் இணைப்பும் தாமாகப் பொருந்திக்கொள்ளும். வெற்றிடக் குழாயின் இணைப்பைப் பல திருகுகளால் இறுக்குவதற்குப் பதிலாக, சங்கிலிப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒரே திருகால் இறுக்கிவிடலாம். பத்துத் திருகுகளைக் கழற்றும் திறமையான ரோபோவைச் செய்வதைவிட, ஒரு திருகு போதும்படி கருவியைச் செய்வது மலிவு, நம்பகமும்கூட. அது மனிதருக்கும் உதவும். பழைய முடுக்கிகளில் இந்த முன்யோசனை இல்லாத கருவிகள் ஏராளம். அங்கேதான் ரோபோவை இயக்குபவர்கள் படாத பாடு படுகிறார்கள்.

டிம் ஓடுவதற்குக் கூரையில் தண்டவாளம் வேண்டும். செர்ன்பாட் உருளச் சமதரை வேண்டும். ஆய்வுக்கூடங்களின் பெரிய குகைகளில் கம்பிகளும் படிகளும் குறுக்கே கிடக்கும். அங்கே போக நான்கு கால் ரோபோ ஒன்றைத் தயார்செய்திருக்கிறார்கள். 2024இல் கதிர்வீச்சை அளக்கும் முதல் சோதனையை அது முடித்தது. குழாய்க்கு உள்ளே போகவும் ஒன்று வருகிறது. 2007இல் பந்தால் தேடிய அந்த மடங்கிய செம்பு விரல்களைத் தேடத்தான். செர்னும் பிரிட்டனின் அணுஆற்றல் ஆணையமும் சேர்ந்து, 3.7 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குட்டி ரோபோவை உருவாக்கியிருக்கின்றன. ஒரே பயணத்தில் 6 கிலோமீட்டர் வரை குழாய்க்குள் போய், ஒவ்வோர் இணைப்பையும் படமெடுத்து, விரல் கோணியிருக்கிறதா என்று தானே கணித்துவிடும். பந்து நின்ற இடம்தான் அன்று தெரிந்தது. அங்கே விரல் எப்படி மடங்கியிருக்கிறது என்பது இனிமேல் தெரியும். காந்தத்தை வெட்டித் திறக்காமலேயே முடிவெடுக்க அது உதவும்.

2026இன் நடுவில் எல்ஹெச்சியை நீண்ட காலத்துக்கு நிறுத்தி, 2030 வாக்கில் பன்மடங்கு மோதல்களோடு மறுபடி ஓட்டுவது என்பது திட்டம். வட்டத்தில் 1.2 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் கருவிகளை மாற்ற வேண்டும். அவற்றில் முக்கியமானவை, கற்றைகள் மோதும் இடத்துக்கு இரு பக்கமும் நின்று, இத்தனை ஆண்டுகள் மோதலின் சிதறல்களை வாங்கிக்கொண்ட குவிக்கும் காந்தங்கள். பல டன் எடையுள்ள அந்தக் காந்தங்களின் இணைப்புகளை வெட்டுவதும், புதியவற்றைப் பற்றவைப்பதும் மனிதக் கைகள் செய்யும் வேலையாகவே இருக்கும். அந்தக் கைகளுக்கு உரியவர் ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்ற கணக்கு, அவருக்கு முன்னே அந்த வழியே போய் அளந்து வந்த ரோபோக்களின் வரைபடங்களிலிருந்து எடுக்கப்படும்.